பொட்டு வெச்ச பீஸ்

திறக்கக் கூடாது. பெட்டி மடியில இருக்குது, இருக்கட்டும், கையை அது மேல வெச்சுக்கலாம், திறக்க மட்டும் கூடாது. திறந்தா காத்துப் போகும், காத்தோட ஈரம் போகும், வெளியில பாலக்காட்டுப் பக்கமிருந்து வர்ற தூறல் விழுந்துக்கிட்டே இருக்குது, நிக்கவும் மாட்டேங்குது, நல்லாப் பெய்யவும் மாட்டேங்குது, செம்பைக் கறுக்க வைக்க இந்த நசநசப்பு ஒண்ணே போதும். மெழுகுத்தாள்ல சுத்தி, ஈரத்தை உறிஞ்சற பொட்டலம் போட்டு, மூடி ஓரம் முச்சூடும் டேப் ஒட்டிக் கொண்டுவந்திருக்கேன், எம் மகனை முதநாள் பள்ளிக்கூடம் அனுப்பும்போதுகூட இப்படிப் பொத்தி அனுப்பலை. உள்ளே ஐந்நூறு பீஸ். ஒவ்வொண்ணும் புளியங்கொட்டை அளவு, நடுவுல ஒரு ஓட்டை, கிணத்து மோட்டாரோட ஸ்டார்ட்டர்ல போய் உக்காரப்போற செம்புத் துண்டுங்க. விரலெல்லாம் பரபரங்குது. சாரதாமணி, உனக்கு வயசு நாப்பது தாண்டியாச்சு, இது கம்பெனி ரிசப்ஷன், கோயில் நோம்பிக்கு வந்த புள்ளையாட்டம் காலை ஆட்டிக்கிட்டு உக்காராதே. ஆட்டத்தான் வருது, என்ன பண்றது. செக்யூரிட்டி அண்ணன் திரும்பித் திரும்பிப் பார்க்கறார். க்வாலிட்டி மேடம் சாப்பிடப் போயிருக்காங்க, வந்ததும் கூப்பிடுவாங்க, உக்காருங்கன்னு அவர்தான் சொன்னார். அந்த மேடம் இந்தப் பெட்டியைத் திறந்து பார்த்துச் சரின்னு சொல்லிட்டாங்கன்னா, மாசாமாசம் இந்த வேலை எங்க ஷெட்டுக்கு வரும், பிசிறு எடுக்கற வைப்ரேட்டர் மிஷின் எங்ககிட்டயே இருக்கும். இல்லைன்னுட்டாங்கன்னா, பொழுதோட டெம்போ வரும், மிஷினை ஏத்திக்கிட்டு அவினாசி போயிரும், அதெல்லாம் விலை பேசி முடிச்சாச்சு, எங்க வீட்டுக்காரர் தண்டபாணி திருப்பூர்ல அவங்க மாமன் மகனோட பனியன் கம்பெனிக்கு சூப்பர்வைசரா போயிருவார், நான் கதவைச் சாத்திக்கிட்டு சீரியல் பார்ப்பேன். அவ்வளவுதான் விஷயம்.

ஆனா போகாது. இந்தத் தடவை மிஷின் எங்கேயும் போகாது, நேத்து அந்த நிறத்தைப் பார்த்தவளுக்கு இந்தத் தெம்பு இருக்கத்தான் செய்யும். அலசின பீஸைக் காயவெக்கற சோளத்தக்கைத் தூளுக்குள்ள கையுறை போட்ட கையை விட்டு ஒரு பிடி அள்ளினேன், தூளெல்லாம் விரல் சந்துல வழிஞ்சு போச்சு, கையில நின்னதெல்லாம் செம்பு. சிவப்புன்னும் சொல்ல முடியாது, ரோஸுன்னும் சொல்ல முடியாது, பொறந்த கொழந்தையோட உள்ளங்கால் இருக்குமே, அந்த நிறம். நான் அழுதுட்டேன். அவர் வாசல்ல நின்னுக்கிட்டு, கண்ணுல தூள் பட்டுருச்சான்னார், ஆமாங்கன்னேன், அவரும் மூக்கை உறிஞ்சிக்கிட்டுத்தான் கேட்டார். பிரஸ்ல தகடு தகடா வெட்டி எங்ககிட்ட வரும்போது அதுங்களைப் பார்க்கணும். எண்ணெய்யும் அழுக்கும், ஓரமெல்லாம் பிசிறு, தொட்டா விரலைக் கிழிச்சுரும். அதை வைப்ரேட்டர் தொட்டியில கல்லோட, சோப்புத் தண்ணியோட போட்டு ஓடவிட்டா, குலுக்கிக் குலுக்கி அந்தப் பிசிறைத் தின்னுரும். சொல்றதுக்கு இவ்வளவுதான், செய்யறவளுக்குத்தான் தெரியும். செம்பு இரும்பாட்டம் இல்லை, மெத்துனு இருக்கும், கொஞ்சம் எச்சா ஓடிட்டா ஒண்ணை ஒண்ணு இடிச்சுக்கிட்டு மூஞ்சியெல்லாம் தழும்பு, கொஞ்சம் கொறைச்சா ஓட்டைக்குள்ள பிசிறு அப்படியே நிக்கும். முக்கோணக் கல் போட்டோம், கல்லு போய் ஓட்டையில மாட்டிக்கிச்சு, குண்டூசியால குத்திக் குத்தி எடுத்து என் கட்டைவிரல் வீங்கிப்போச்சு. உருண்டைக் கல்லு போடலாம்னு சொன்னது நாந்தான். நிறுத்தற பக்குவத்தைச் சத்தத்துல சொல்லுவேன். முதல்ல கரகரன்னு கத்தும், பிசிறு போகப் போகச் சத்தம் அடங்கி, அரிசி களையற சத்தம் வரும், அப்ப நிறுத்திரணும். அந்தச் சத்தம் இல்லாத ஷெட்டை என்னால ரோசிக்கவே முடியலை.

போன தடவை ரிஜெக்ட் ஆனதுக்குச் செம்பு மேல குத்தம் சொல்ல முடியாது, எங்க போர் தண்ணி அப்படி, ஒரே உப்பு. பிசிறு எடுத்து, எலுமிச்சை உப்பு கரைச்ச தண்ணியில முக்கி, மினுமினுன்னு ஆக்கி, கடைசியில போர் தண்ணியில அலசித் தொலைச்சோம். பெட்டியை இதே கம்பெனியில திறந்தப்போ உள்ளே எல்லாம் பழுப்புப் புள்ளி. க்வாலிட்டி மேடம் ரெபேக்கான்னு பேரு, சின்ன வயசுதான், ஒரு வார்த்தை கடுசாப் பேசலை, மூடியை மூடி என் பக்கமாத் தள்ளினாங்க, அது திட்டினதைவிட மோசமா இருந்துச்சு. இன்னும் ஒருக்கா மட்டும் கொடுங்க மேடம்னு கேட்டு வாங்கின பீஸுங்கதான் இது. இந்தத் தடவை கடைசி அலசல் சிறுவாணித் தண்ணியில. குடிக்கறதுக்கே நாள் விட்டு நாள் வர்ற தண்ணி. பக்கத்து லேத் பட்டறையில சிரிச்சாங்க, மனுசன் குடிக்கற தண்ணியில இந்தம்மா செம்பைக் குளிப்பாட்டுதுன்னாங்க, சிரிக்கட்டும். அவர்தான் வண்டியில முன்னாடி ஒரு குடம், பின்னாடி ஒரு குடம்னு வீட்டுல இருந்து கொண்டுவந்தார், இதோட சரி அம்மிணி, இதோட சரின்னு சொல்லிக்கிட்டே. அலசினதும் பி.டி.ஏ. முக்கு. அது ஒரு வெள்ளைப் பொடி, வெந்நீர்ல கரைச்சு அதுல முக்கி எடுத்தா, கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் செம்பு மேல படிஞ்சுக்கும், அப்பறம் காத்தும் ஈரமும் கிட்ட வராது. முக்காம விட்டா எவ்வளவு மினுக்கியும் பிரயோஜனம் இல்லை, இந்த மழைக்கு மறுநாளே மூஞ்சி கறுத்துரும், வெறும் கை பட்டிருந்தா வேர்வை பட்ட இடம் ரேகையோட தெரியும். அதனால அலசல்ல இருந்து டேப் ஒட்டறது வரைக்கும் கையுறை. டீ குடிக்கக்கூட கையுறையைக் கழட்டாம அவரை விட்டு டம்ளரைப் பிடிக்கச் சொல்லிக் குடிச்சேன், அவ்வளவு சுத்தம். ஐந்நூறும் நானே எண்ணினேன். நானூத்துத் தொண்ணூத்தொம்பது வந்துச்சு, பகீர்னு போச்சு, அப்பறம்தான் ஞாபகம் வந்து, அம்மன் படத்துக்கு முன்னாடி இருந்த பீஸை எடுத்துத் துடைச்சுப் போட்டு, ஐந்நூறாக்கி.

அம்மன் படத்துக்கு முன்னாடி இருந்த பீஸ்.

அட கெரகமே. காலு ஆடறது தானா நின்னு போச்சு. புது வேலை வந்தா முதப் பீஸை கோனியம்மன் படத்துக்கு முன்னாடி வெச்சு, சந்தனம் குங்குமம் இட்டு, ஒரு கற்பூரம் காட்டறது நாங்க ஷெட் ஆரம்பிச்ச நாள்ல இருந்து உள்ள வழக்கம். நேத்து வெள்ளிக்கிழமை வேற. வெச்சேன். கையுறையைக் கழட்டிட்டுத்தான் வெச்சேன், பின்னே, கையுறை போட்டுக்கிட்டா அம்மனுக்குப் பொட்டு வெப்பாங்க. வெறும் கையில எடுத்து, வெறும் கையில குங்குமத்தைக் குழைச்சு, கட்டைவிரலை வெச்சு அழுத்தி இட்டேன். டீ டம்ளரைத் தொடாத கை. இப்ப அந்தப் பீஸும் இந்தப் பெட்டிக்குள்ள, மத்த நானூத்துத் தொண்ணூத்தொம்பதோட கலந்து, என் மடியில. காலைல எடுத்து முந்தானையில துடைச்சேன், பொட்டுனு பெட்டியில போட்டேன், அதோட மூஞ்சியைப் பார்த்தேனா, பார்க்கலையே. கண்ணாடி போடலை, பஸ்ஸுக்கு நேரமாச்சு, குங்குமம் சிவப்பு, செம்பும் சிவப்பு, துடைச்சது துடைஞ்சுதா இல்லையான்னுகூடத் தெரியாது. சரி, பதறாதே. பதறாம ரோசி. ஒரே ஒரு கேள்விதான். பி.டி.ஏ.வுல முக்கறதுக்கு முன்னாடி எடுத்து வெச்சியா, முக்கின பின்னாடி எடுத்து வெச்சியா. முக்கின பின்னாடின்னா அதுக்கும் தோல் இருக்குது, கை பட்டாலும் தாங்கும். முக்கறதுக்கு முன்னாடின்னா அது மொட்டைச் செம்பு, ராத்திரி முச்சூடும் மழை ஈரத்துல, குங்குமத்தோட, என் கட்டைவிரல் வேர்வையோட உக்காந்திருந்திருக்குது, இந்நேரம் கறுத்திருக்கும். மேடம் கையில அது ஒண்ணு சிக்கினா போதும்.

முன்னாடியா, பின்னாடியா. முன்னெல்லாம் பித்தளை வேலை பண்ணும்போது முக்கறதே கிடையாது, தொட்டியில இருந்து எடுத்த சூட்டோட முதப் பீஸ் அம்மனுக்குப் போயிரும், கைக்கு அதுதான் பழக்கம். இந்தத் தடவை எல்லா வேலையும் முடிச்சுட்டுத்தான் வெக்கணும்னு நான் மனசுல நினைச்சு வெச்சிருந்தேன், அது ரோசனை. நேத்து என் கை பழக்கத்தைக் கேட்டுச்சா, ரோசனையைக் கேட்டுச்சா. பீஸ் கையில சூடா இருந்துச்சு, அது நல்லா ஞாபகம் இருக்குது. சூடுன்னா வெந்நீர்ல முக்கி எடுத்த சூடு, அப்ப பின்னாடி, அப்பாடா. ஆனா தொட்டியில ஓடி ஓடியும் லேசாச் சூடாத்தான் வரும். போச்சு. சேலையில சோளத்தூள் ஒட்டியிருந்துச்சு, கும்பிடும்போது மூக்குல ஏறித் தும்மினேன், அப்ப சோளத்தூள்ல காயவெச்ச பின்னாடிதான் வெச்சிருக்கேன். அப்பாடா. ஆனா என் சேலையில எப்பத்தான் சோளத்தூள் இல்லை, தீபாவளிப் புதுச்சேலையிலகூட இருந்துச்சுன்னு நாத்தனார் தட்டிவிட்டா. போச்சு. அவர் பக்கத்துல இருந்தாரா, இருந்தார், கற்பூரத்தைத் தொட்டுக் கும்பிட்டார், கும்பிட்ட கையோட குடத்தை எடுத்துக்கிட்டுப் போனார். குடம் எடுத்துக்கிட்டுப் போனாருன்னா இன்னும் தண்ணி வேண்டியிருந்துச்சுன்னு அர்த்தம், தண்ணி வேண்டியிருந்துச்சுன்னா அலசல் முடியலைன்னு அர்த்தம், அலசல் முடியலைன்னா முக்கலைன்னு அர்த்தம். இல்லை, வெறுங்குடத்தை வீட்டுக்குத் திருப்பி எடுத்துட்டுப் போயிருக்கலாமில்ல. ஐயோ சாமி, ஒரு குடம் நிறைஞ்சிருந்துச்சா காலியா இருந்துச்சான்னு ஞாபகம் வெச்சுக்க முடியாத மண்டையை எதுக்கு எனக்குக் கொடுத்தே.

"அதென்ன அக்கா, மைசூர்பாகா?" பக்கத்து நாற்காலிக்காரர். ரப்பர் வாசர் செய்யறவராம், ஒரு சாக்கு நிறைய வெச்சிருக்கார், ரப்பர் வாடை அடிக்குது, வந்ததுல இருந்து பேச ஆள் தேடிக்கிட்டு இருந்திருக்கார். "செம்புங்க," ன்னேன். "செம்பா, இத்தனை பதவிசா மடியில வெச்சிருக்கீங்க, நான் சீர் பலகாரம்னு நினைச்சேன். என்னுதெல்லாம் பாருங்க, மிதிச்சாலும் ஒண்ணும் ஆகாது." குடுத்து வெச்ச மனுசன். ரப்பர் கறுத்தா யாரும் கேக்க மாட்டாங்க, பொறக்கும்போதே கறுப்பு. "ஒருக்காத் திறந்து காட்டுங்களேன், பார்ப்போம்," ங்கறார். நான் பெட்டியை வயித்தோட அணைச்சுக்கிட்டேன். ஆனா அவர் சொன்னதும் எனக்கும் ஆசை வந்துருச்சு. திறந்தா என்ன. டேப்பைக் கிழிச்சு, கறுத்ததை மட்டும் பொறுக்கித் தூரப் போட்டுட்டா. அப்ப ஒண்ணு குறையும், அவங்க எடை மிஷின் எண்ணிக்கையைச் சொல்லிரும், ஒண்ணு எங்கேன்னு கேப்பாங்க. கேக்கட்டும், தொட்டியில தொலைஞ்சு போச்சுன்னு சொல்லு. பொய்யா. பொய்தான். அதைவிடக் கொறைச்ச பாவம் ஒண்ணு இருக்குது, பேசாம இருக்கறது. ஐந்நூறுல மேடம் எத்தனை எடுத்துப் பார்க்கப் போறாங்க, ஒரு கைப்பிடி, அதுல அது வரணும்னு என்ன இருக்குது. வராது. வராம ஸ்டோர்ஸுக்குப் போயி, ஸ்டார்ட்டர்ல ஏறி, எவனோ ஒருத்தன் தோட்டத்துல மோட்டார் போடும்போது கறுத்த இடத்துல சூடேறிப் புகைஞ்சு, அவன் வாழைக்குத் தண்ணி இல்லாம நின்னு, என்னைத் திட்டுவான். என் பேரு தெரியாம திட்டுவான். தெரியாம திட்டினாலும் திட்டு திட்டுதான்.

போன் அடிக்குது. அவர். "அம்மிணி, டெம்போ இப்பவே வந்துருச்சு. மழை வலுக்கறதுக்கு முன்னாடி ஏத்திரலாங்கறாங்க. என்ன ஆச்சு அங்கே?" இன்னும் கூப்பிடலைங்கன்னு மட்டும் சொல்லியிருக்கலாம். வாயி நிக்குதா எனக்கு. "என்னங்க, நேத்து நான் அம்மனுக்குப் பீஸ் வெச்சேனே, அதுவும் பெட்டிக்குள்ள இருக்குதுங்க." அவருக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை, இந்தத் தொழிலோட பத்து வருசம் குடித்தனம் பண்ணினவர். "முக்கறதுக்கு முன்னாடி வெச்சியா, பின்னாடி வெச்சியா?" "அதான் தெரியலைங்க. நீங்க கும்பிட்டுட்டுக் குடம் எடுத்துட்டுப் போனீங்களே, அது நிறைகுடமா வெறுங்குடமா?" "நீ வேற," ன்னார். அவருக்கும் ஞாபகம் இல்லை. அப்பறம் அவர் பேசினது திட்டா இருந்திருந்தா நான் திருப்பித் திட்டியிருப்பேன், சண்டை போட்டா எனக்குத் தெம்பு வந்துரும். அவர் மெதுவாச் சொன்னார். "விடு அம்மிணி. நம்மளால ஆனதைப் பண்ணியாச்சு. அந்த மேடத்துக்கிட்ட மறுபடியும் போய் நின்னுக்கிட்டுக் கெஞ்ச வேண்டாம். ஏத்தச் சொல்லிடறேன்." இருங்க, இன்னும் கூப்பிடவே இல்லைங்க, ஒரு அரை மணி நேரம் நிக்கச் சொல்லுங்கன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன், அந்தப் பக்கம் யாரோ ஜாக்கி எங்கேன்னு கேக்கறாங்க, லைன் போயிருச்சு. இந்நேரம் தொட்டியில இருந்து கல்லையெல்லாம் அள்ளிச் சாக்குல கட்டுவாங்க. உருண்டைக் கல்லு. எத்தனை கடை ஏறி இறங்கி வாங்கின கல்லு. போல்ட்டைக் கழட்டும்போது ஸ்பிரிங்கைத் தொலைச்சுருவாங்க, அதுல ஒண்ணுக்கு மட்டும் வேற சைஸு, அது அவருக்குத்தான் தெரியும், அவர் சொல்லுவாரா, வெசனத்துல மறந்துருவார்.

"ஷெட்டுக்காரம்மா, உங்களைத்தான்." செக்யூரிட்டி அண்ணன். எந்திரிச்சேன். வாசர்க்காரர், நல்லபடியாப் போயிட்டு வாங்க அக்கான்னார், அவருக்கு என்ன தெரியும், இருந்தாலும் நல்லா இருந்துச்சு. க்வாலிட்டி ரூமு ஜில்லுனு இருக்குது, மேஜைக்கு மேல வெள்ளை லைட்டு, ரெபேக்கா மேடம் கையைத் துடைச்சுக்கிட்டே, வாங்க அக்கா, மழையில வந்தீங்களாங்கறாங்க. டேப்பைப் பிரிக்கறாங்க. மெழுகுத்தாளை விரிச்சதும் அந்த நிறம் வெள்ளை லைட்டுல குபீர்னு வந்துச்சு, பயம் கியமெல்லாம் ஒரு நிமிஷம் மறந்தே போச்சு, எம் புள்ளைங்க, எவ்வளவு அழகா இருக்குதுங்க பாரு. மேடமும் குனிஞ்சு பார்த்தாங்க. அப்பறம் எடை மிஷின்ல கொட்டினாங்க, ஐந்நூறுன்னு காட்டுச்சு. ஸ்டீல் தட்டுல பரப்பி, கையுறை போட்டு, ஒரு கைப்பிடி எடுத்து, ஒவ்வொண்ணோட ஓரத்துலயும் பஞ்சை இழுத்துப் பார்த்தாங்க. பிசிறு இருந்தா பஞ்சு மாட்டும். மாட்டலை. ஓட்டைக்குள்ள பார்த்தாங்க, லென்ஸ் வெச்சுப் பார்த்தாங்க, திருப்பிப் பார்த்தாங்க. எல்லாம் நல்ல பீஸுங்க. அது வரலை. "நல்லா வந்திருக்குக்கா. போன தடவைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை," ன்னு பேனாவை எடுத்தாங்க. அவ்வளவுதான், முடிஞ்சுது, வாயை மூடிக்கிட்டு நில்லு சாரதாமணி, பேனா காகிதத்துல படட்டும், ஒரு நிமிஷம், வெளியே போய் போன் பண்ணிரலாம், மிஷினை இறக்கிரலாம்.

"மேடம், அதுல ஒண்ணு சாமிக்கு வெச்சதுங்க." என் வாயிதான் சொல்லுச்சு. பேனா நின்னுது. "முதப் பீஸை அம்மனுக்கு வெப்போம். வெறும் கையில எடுத்து, குங்குமம் வெச்சு, ராத்திரி முச்சூடும் படத்துக்கு முன்னாடியே இருந்துச்சு. காலைல துடைச்சு இதுலயே போட்டுட்டேன். முக்கறதுக்கு முன்னாடி வெச்சேனா பின்னாடி வெச்சேனான்னு ஞாபகம் இல்லைங்க. முன்னாடின்னா கறுத்திருக்கும்." மேடம் பேனாவை மூடி வெச்சாங்க. "ஒண்ணு முக்காம உள்ளே வந்திருக்குன்னா, வேற எதுவும் அப்படி வந்திருக்காதுன்னு நான் எப்படி நம்பறது? பெட்டியோட திருப்பி அனுப்பறதைத் தவிர வழி இல்லை." தெரியும் மேடம்னேன். தெரிஞ்சுதான் சொன்னேன், சொன்ன வாயை அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு, சொல்லாம இருந்திருந்தா இன்னும் மோசமா இருந்திருக்கும், ரெண்டும் ஒரே நேரத்துல. "சரி, அந்தப் பீஸ் எது? எடுத்துக் காட்டுங்க," ன்னு ஒரு ஜோடி கையுறையை என் பக்கம் நீட்டினாங்க.

தேடினேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு, தட்டுல ஒரு ஓரத்துல இருந்து வரிசையா அடுக்கி, ஒவ்வொண்ணா எடுத்து, முன்னாடி, பின்னாடி, ஓரம், ஓட்டை. என் கட்டைவிரல் எனக்குத் தெரியாதா, இடது பக்கம் ஒரு வெட்டுத் தழும்பு, அந்த ரேகையோட கறுப்பா ஒரு பீஸ் மேல உக்காந்திருக்கும், இப்ப வரும், அடுத்ததுல வரும். பளபளன்னு ஒண்ணு. அடுத்ததும் பளபளன்னு. பைக்குள்ள போன் அடிக்குது, அவர்தான், மிஷினை ஏத்தியாச்சுன்னு சொல்லக் கூப்பிடறார், அடிக்கட்டும், எடுத்தா அழுதுருவேன். பாதித் தட்டு முடிஞ்சுது. மேடமும் கையுறையை மாட்டிக்கிட்டு எதிர்ப்பக்கத்துல இருந்து ஆரம்பிச்சாங்க. ரெண்டு பேரும் அரிசியில கல்லு பொறுக்கற பொம்பளைங்களாட்டம் தலையைக் குனிஞ்சுக்கிட்டு. என் கை வேகமாப் போகுது, மெதுவாப் போக மாட்டேங்குது, மனசுக்குள்ள ஏதோ ஒண்ணு எந்திரிச்சு நிக்க ஆரம்பிச்சிருச்சு, அதை நம்பாதே, இன்னும் இருக்குது, இன்னும் ஒரு வரிசை இருக்குது. நடுவுல மேடத்தோட கையும் என் கையும் ஒரே பீஸ்ல வந்து முட்டிச்சு. கடைசிப் பீஸ். அவங்க எடுத்துத் திருப்பிக் காட்டினாங்க. ஒண்ணுமே இல்லை. "ஒருவேளை வீட்டுல விட்டுட்டு வந்துட்டீங்களோ?" "இல்லைங்க மேடம், நானே போட்டேன், ஐந்நூறு காட்டுச்சுங்களே." எல்லாத்தையும் மறுபடியும் எடை மிஷின்ல கொட்டினாங்க. ஐந்நூறு. மேடம் அந்த நம்பரையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க, அப்பறம் என்னைப் பார்த்தாங்க, அவங்களுக்கு உதட்டோரத்துல சிரிப்பு வந்துருச்சு. "அப்ப இதுக்குள்ளதான் இருக்குது. வெறும் கை, குங்குமம், ராத்திரி முழுக்க இந்த ஈரம். எல்லாம் பட்டும் எதுன்னு உங்களுக்கும் தெரியலை, எனக்கும் தெரியலை. எங்க ஈரப்பெட்டியில ரெண்டு நாள் வெச்சுப் பார்க்கறதை நீங்களே பண்ணிக் கொண்டுவந்திருக்கீங்க. முக்கின பின்னாடிதான் வெச்சிருக்கீங்க அக்கா." பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டாங்க. "ஸ்டோர்ஸ்ல கொடுத்துட்டுப் போங்க. திங்கக்கிழமை அடுத்த மூட்டை அனுப்பறேன். இனிமே சாமிக்கு வெக்கணும்னா கழிச்சுப் போட்ட பீஸ்ல ஒண்ணை வைங்களேன்." சாமிக்குக் கழிச்சுப் போட்டதாங்க மேடம்னு கேட்டேன். அதுவும் சரிதான்னு சிரிச்சாங்க.

நான் எதையாச்சும் தேடிக் கிடைக்கலைன்னா வீட்டையே ரெண்டாக்கறவ. கரண்டி காணோம்னா மூணு நாளைக்குப் பேச்சு வாங்குவாங்க எல்லாரும். கிடைக்கலைங்கறதுக்கு இப்படிச் சந்தோசப்பட்டது இதுதான் முதத் தடவை, காதெல்லாம் சூடா இருக்குது, மேடத்தைக் கட்டிப் பிடிச்சிருப்பேன், அவங்க கையுறை அழுக்காயிருமேன்னு விட்டுட்டேன். வராந்தாவுக்கு வந்து போனை எடுத்தேன், கையுறையைக் கழட்ட மறந்து, அதோட அழுத்தி அழுத்திப் பார்க்கறேன், போன் கேக்கவே மாட்டேங்குது, பல்லால கடிச்சு இழுத்துக் கழட்டினேன். முதல் அடியிலயே எடுத்துட்டார். எவ்வளவோ சொல்லணும்னு நினைச்சேன், மேடம் சொன்னது, நிறம், பஞ்சு, ஐந்நூறு, திங்கக்கிழமை. ஒண்ணும் வரலை. "காணோங்க," ன்னேன்.

"என்ன காணோம்?"

"அந்தப் பீஸைக் காணோங்க. ரெண்டு பேரும் தேடிட்டோம். எதுன்னே தெரியலைங்க."

அந்தப் பக்கம் டெம்போ எஞ்சின் ஓடற சத்தம், தகரத்து மேல மழை விழற சத்தம். அப்பறம் போனைக் காதுல இருந்து தள்ளி வெச்சுக்கிட்டு, அவர் அவங்ககிட்ட சொன்னது எனக்கு நல்லாக் கேட்டுச்சு. "இறக்குங்கப்பா. பார்த்து, ஸ்பிரிங்கு பத்திரம்."